புதுப்பிப்பு: ஷாம்பெயினுக்குப் பதில் காவா

வீட்டு விருந்துக்கு ஷாம்பெயின் கட்டுப்படியாகாது, விலை குறைந்த நுரைக்கும் வைன் எது என்று கேட்டிருந்தேன். பலரும் ஸ்பெயினின் காவாவைச் சொன்னீர்கள். வாங்கிவிட்டேன், ரொம்ப நன்றி.

தேடுபவர்கள் லேபிளை நன்றாகப் பாருங்கள். சாதாரண காவா ஈஸ்ட் வண்டலோடு (நொதித்து முடிந்து அடியில் தங்கும் ஈஸ்ட்) புட்டியில் இருப்பது குறைந்தது 9 மாதம். 'ரிசர்வா' என்றால் 18, 'கிரான் ரிசர்வா' 30. ஷாம்பெயினைப் போலவே இதிலும் இரண்டாவது நொதிப்பு, அதாவது நுரையைத் தரும் நொதிப்பு, புட்டிக்குள்தான். வண்டலில் ஊற ஊறத்தான் அந்த வறுத்த ரொட்டி வாசனை ஏறும். அதனால் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து ரிசர்வாவே எடுங்கள்.

நான் எடுத்தது 'புரூட் நேச்சர்', சர்க்கரை சேர்க்காதது. நுரை பொடிப்பொடியாக, விடாமல் மேலேறியது. பச்சை ஆப்பிள் புளிப்பு, கடைசியில் லேசான பாதாம் கசப்பு. வறுத்த மீனோடு அருமை! அப்புறம், இனிப்பு வேண்டுமென்றால் 'செமி செக்கோ' கேளுங்கள்.