தாத்தா வீட்டுப் பழைய இரும்பு

குழு: விருதம்பட்டு வீடு
15 ஜூன் 2025, ஞாயிறு

காலை 8.40

கார்த்தி: எல்லாருக்கும் வணக்கம். அடுத்த வாரம் தாத்தா வீட்டுப் பின்கட்டை இடிக்க ஆள் வருகிறது. அதற்குள் இரும்பு சாமானைப் போட்டுவிடலாம் என்று காயலான் கடைக்காரர் ஒருவரை வரச் சொல்லியிருக்கிறேன். பத்து மணிக்கு வண்டியோடு வருகிறார்.

கார்த்தி: (6 போட்டோக்கள்)

கார்த்தி: போர் மோட்டார், ஜிஐ பைப் 9 துண்டு, ஜன்னல் கிரில் 4, மோட்டார் கேபிள் ஒரு சுருள், இன்வெர்ட்டர் பேட்டரி, ஓடாத பிரிட்ஜ், தாத்தாவின் ஸ்கூட்டர், பித்தளை அண்டா 2, அப்புறம் கிணற்றடியில் கிடந்த தண்டவாளத் துண்டு ஒன்று.

சாந்தி அத்தை: அண்டாவில் கை வைக்காதே. அது அம்மா வீட்டுச் சீர்.

கார்த்தி: சரி அத்தை. அண்டா இல்லை.

குமார் சித்தப்பா: விலை என்ன சொன்னான்?

கார்த்தி: இரும்பு கிலோ 28. செம்பு 680. மோட்டாரை எடைக்குப் பேசவில்லை, மொத்தமாக 2,500 என்கிறார்.

குமார் சித்தப்பா: ஏமாந்துவிடாதே. உள்ளே காயில் முழுக்கச் செம்பு.

கார்த்தி: கேபிள் தோலைக் கொளுத்திவிட்டால் சுத்தச் செம்பு விலையே தருகிறாராம் சித்தப்பா. பின்பக்கம் காலியாகத்தானே இருக்கிறது, கொளுத்திவிடவா?

ரத்தினம் பெரியப்பா: கொளுத்தாதே.

ரத்தினம் பெரியப்பா: கிணற்று மோட்டார் கேபிளை அறுத்துக்கொண்டு போகிறவன் முதல் வேலையாகத் தோலைத்தான் கொளுத்துவான். யாருடைய கேபிள் என்ற அடையாளமே போய்விடும். அணைக்கட்டு ஊரில் நம் மாமன் நிலத்தில் கேபிள் போனபோது கரும்புத் தோட்டத்து ஓரம் சாம்பல்தான் கிடைத்தது. கருகிய செம்பை நீ எந்தக் கடைக்குக் கொண்டுபோனாலும் உன்னை ஒரு மாதிரித்தான் பார்ப்பார்கள். தோலோடு போடு, குறைந்தால் குறையட்டும். பிளாஸ்டிக்கைத் திறந்தவெளியில் எரிப்பதற்கே தடை இருக்கிறது. எதிர்வீட்டுப் பெரியவருக்கு ஆஸ்துமா வேறு.

அப்பா: 👍

ரத்தினம் பெரியப்பா: கார்த்தி, வருகிறவர் நோட்டில் பெயர், விலாசம் எழுதிக்கொள்வாரா? ரசீது தருவாரா?

கார்த்தி: பழைய இரும்புக்கு யார் பெரியப்பா ரசீது தருவார்கள்? எடை போட்டு, காசு வாங்கி, போய்க்கொண்டே இருப்பதுதானே.

சாந்தி அத்தை: எங்கள் காலத்தில் காசுகூடக் கிடையாது. ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம் என்று கூவிக்கொண்டு வருவான். குமாரு, நைனாவின், அதாவது கார்த்தியின் தாத்தாவின், செம்பு சொம்பைக் கொடுத்துப் பேரீச்சம்பழம் தின்று உதை வாங்கியது ஞாபகம் இருக்கிறதா?

குமார் சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ரத்தினம் பெரியப்பா: கோர்ட்டில் முப்பத்தோரு வருஷம் வழக்குக் கட்டுத் தூக்கியவன் சொல்கிறேன், கேட்டுக்கொள். திருட்டுப் பொருளை, அது திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ, நேர்மையில்லாமல் வாங்கி வைத்துக்கொண்டால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். முன்னே இந்திய தண்டனைச் சட்டத்தில் 411ஆம் பிரிவு என்று சொல்வோமே, அதுதான். 2024 ஜூலை 1 முதல், அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 317. இதில் உயிரான வார்த்தை "நம்பக் காரணம்". விற்றவன் யார், எங்கிருந்து கொண்டுவந்தான் என்று ஒரு வரிகூட எழுதாமல் வாங்கிய கடைக்காரன், எனக்கு எதுவும் தெரியாது ஐயா என்று கூண்டில் நின்று சொன்னால் யார் நம்புவார்கள்? நோட்டுதான் அவனுக்குக் கவசம். விற்கிற நமக்கும் அதுதான். நாளைக்கு அவன் கடையில் வேறு யாருடைய மோட்டாரோ பிடிபட்டால், நீ கொடுத்தது எது என்று பிரித்துக் காட்ட அந்த ஒரு வரிதான் இருக்கும்.

குமார் சித்தப்பா: அண்ணா, பத்துப் பைப்பும் ஒரு மோட்டாரும். தங்கக் கட்டி இல்லை.

ரத்தினம் பெரியப்பா: நைனாவின் டிரங்குப் பெட்டியில் மோட்டார் வாங்கிய பில் இருக்கும். எடுத்து வை கார்த்தி.

காலை 10.32

கார்த்தி: வந்துவிட்டார். கொக்கியில் மாட்டுகிற தொங்கு தராசு ஒன்று கொண்டுவந்திருக்கிறார்.

ரத்தினம் பெரியப்பா: முத்திரை பார். எலக்ட்ரானிக் தராசுக்கு வருஷா வருஷம் எடையளவு அதிகாரியிடம் முத்திரை வாங்க வேண்டும். தராசிலேயே இருக்கும், இல்லையென்றால் கையில் சான்றிதழாவது வைத்திருப்பார்.

கார்த்தி: ஸ்டிக்கர் ஒட்டியிருந்த பசைத் தடம் மட்டும் இருக்கிறது.

சாந்தி அத்தை: காலி கியாஸ் சிலிண்டர் இருக்கிறதா? அதை மாட்டு. காலி எடை எவ்வளவு என்று சிலிண்டர் கழுத்துப் பட்டையில் எழுதியிருக்கும்.

கார்த்தி: அத்தை!!! பட்டையில் 15.4. தராசில் 13.8.

குமார் சித்தப்பா: பத்துக்கு ஒன்று அவன் பைக்குப் போகிறது.

கார்த்தி: காற்று அடித்தால் தொங்கு தராசு கொஞ்சம் குறைத்துத்தான் காட்டுமாம்.

தேவி அக்கா: வேலூரில் ஜூன் மாதம் காற்றா?? எந்தத் தெருவில் அடிக்கிறது, சொல், நாங்களும் வருகிறோம்.

கார்த்தி: இன்னொன்றும் சொல்கிறார் அக்கா. மொத்தத்தில் 18 சதவீதம் ஜிஎஸ்டி பிடித்துக்கொண்டுதான் கொடுப்பாராம்.

தேவி அக்கா: ஜிஎஸ்டி நம்பர் கேள்.

கார்த்தி: இல்லையாம்.

தேவி அக்கா: அப்புறம் யாருக்குக் கட்டப் போகிறாராம் அந்த 18? உலோகக் கழிவுக்கு 18 சதவீதம் என்பது உண்மைதான். ஆனால் 2024 அக்டோபர் 10 முதல், பதிவு இல்லாதவரிடமிருந்து பதிவு பெற்ற வியாபாரி வாங்கினால் வரியை வாங்குகிறவரே கட்ட வேண்டும். கட்டியதைத் தன் கணக்கில் வரவும் எடுத்துக்கொள்வார். அதுவும் வியாபாரமாக விற்கிறவர்களுக்கு. நீ வீட்டைக் காலி செய்கிறாய், வியாபாரம் செய்யவில்லை. எங்கள் ஆபீசுக்கு வாரம் ஒருவராவது இந்த 18 கதையோடு வருகிறார்கள்.

கார்த்தி: ஸ்கூட்டரையும் 1,800க்கு எடுத்துக்கொள்கிறாராம், பேப்பர் எதுவும் வேண்டாமாம்.

ரத்தினம் பெரியப்பா: கொடுத்துவிடாதே! வண்டி நைனா பேரில் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 55ஆம் பிரிவுப்படி, இனி ஓடவே ஓடாது என்று ஆன வண்டியை 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து, ஆர்.சி.யை ஒப்படைத்துப் பதிவை ரத்து செய்ய வேண்டும். அரசிடம் பதிவு பெற்ற வாகன அழிப்பு மையத்தில் விட்டால் அதற்குச் சான்று தருவார்கள். நாம் நைனாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று இரண்டையும் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பேப்பர் வேண்டாம் என்கிறவனிடம் விட்டால் அந்த நம்பர் பிளேட் எந்தத் திருட்டு வண்டியில் ஏறும் என்று யாருக்குத் தெரியும்? எங்கேயாவது தாலிச் சங்கிலி அறுத்தார்கள் என்றால் போலீஸ் விருதம்பட்டுக்கு வந்து நைனாவைக் கேட்கும்.

கார்த்தி: ஆர்.சி. புத்தகம் பெட்டியில் இல்லை பெரியப்பா. மோட்டார் பில் மட்டும்தான் இருக்கிறது.

சாந்தி அத்தை: கார்த்தி, ஆர்.சி. பற்றி

குமார் சித்தப்பா: அந்தத் தண்டவாளத்துக்கு என்ன சொல்கிறான்?

கார்த்தி: அதற்கு மட்டும் பாதி விலை. கிலோ 14. "மற்ற இரும்புக்கு அடியில் போட்டுவிடலாம் தம்பி" என்கிறார்.

ரத்தினம் பெரியப்பா: பார்த்தாயா. பாதி விலை சொல்கிறவனுக்கு அது என்னவென்று நன்றாகத் தெரியும். நான் சொன்ன "நம்பக் காரணம்" இதுதான். அவரை அனுப்பிவிடு.

காலை 11.05

கார்த்தி: போய்விட்டார். அரை மணி நேரம் வீணாக்கியதற்கு ஆட்டோ வாடகை கேட்டார். மோர் கொடுத்து அனுப்பினேன்.

காலை 11.50

பாபு (லண்டன்): இப்போதுதான் எழுந்தேன், 94 செய்தி. யாருக்காவது கல்யாணமா என்று பயந்துவிட்டேன்.

பாபு (லண்டன்): மச்சான், இங்கே இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பழைய இரும்புக்கு ரொக்கமே கொடுக்கக் கூடாது. 2013இல் தனிச் சட்டமே போட்டுவிட்டார்கள். கடைக்காரர் விற்பவரின் பெயர், விலாசத்தைச் சரிபார்க்க வேண்டும், பணம் காசோலையாகவோ வங்கிக் கணக்கிலோதான் போக வேண்டும், பதிவேட்டை 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். சர்ச் கூரையில் இருக்கிற ஈயத் தகட்டையே உரித்துக்கொண்டு போய் விற்றார்கள், அதனால் வந்த சட்டம். என் பழைய சைக்கிளைப் போட லைசென்ஸ் காட்டினேன். பெரிய மாமா சொல்வது சரி.

குமார் சித்தப்பா: லண்டனில் சொன்னால் சரி. நேற்றுவரை இங்கே யாரும் எழுதவில்லை, யாரும் ஜெயிலுக்கும் போகவில்லை.

ரத்தினம் பெரியப்பா: போனவர்களின் கட்டு என் மேஜை வழியாகத்தான் போனது குமாரு.

பிற்பகல் 3.15

கார்த்தி: காட்பாடி ரோட்டில் வேறொரு கடைக்கு வந்திருக்கிறேன். பிளாட்பாரத் தராசு, முத்திரை இந்த வருஷத்துடையது. கோடு போட்ட நோட்டில் பெயர், போன் நம்பர், என்ன பொருள், எங்கிருந்து என்று எழுதுகிறார். ஆதார் நகல் கேட்கிறார், கொடுக்கலாமா?

தேவி அக்கா: முதல் எட்டு எண் மறைத்த ஆதார் இருக்கிறதே, அதை எடுத்துக் கொடு. நகலின் குறுக்கே "பழைய இரும்பு விற்றதற்கு மட்டும்" என்று தேதி போட்டுக் கையெழுத்து வை.

கார்த்தி: பைப்பும் கிரில்லும் 168 கிலோ, 29 வீதம் 4,872. மோட்டார் பில்லைப் பார்த்ததும் 4,200க்கு ஒத்துக்கொண்டார். கேபிள் தோலோடு 6 கிலோ, 420 வீதம் 2,520. மொத்தம் 11,592. போன் நம்பருக்கே அனுப்புகிறேன் என்கிறார்.

குமார் சித்தப்பா: ரொக்கமாகவே வாங்கு.

தேவி அக்கா: சித்தப்பா, ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரியில் அதை அவர் செலவாகக் காட்ட முடியாது. நோட்டு எழுதுகிற கடைக்காரர் ரொக்கம் தர மாட்டார்.

கார்த்தி: பிரிட்ஜும் பேட்டரியும் வேண்டாம் என்கிறார்.

ரத்தினம் பெரியப்பா: சரியான ஆள். பேட்டரிக்குள் ஈயமும் அமிலமும். புது பேட்டரி வாங்குகிற கடையிலேயே பழையதைக் கொடுத்து விலையில் கழித்துக்கொள். பிரிட்ஜ் மின்கழிவுக் கணக்கு, பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரருக்குப் போக வேண்டியது.

கார்த்தி: தண்டவாளத்தைப் பார்த்ததும் மனுஷன் இரண்டடி பின்னால் போய்விட்டார் பெரியப்பா. "தம்பி, இதை என் வாசலிலேயே இறக்காதே, வண்டியை எடு" என்கிறார்.

ரத்தினம் பெரியப்பா: 1966ஆம் வருஷத்து ரயில்வே சொத்துச் சட்டம் அப்படி. சந்தேகத்துக்கு இடமான ரயில்வே பொருள் உன்னிடம் இருந்தால், நியாயமாக வந்தது என்று நீதான் நிரூபிக்க வேண்டும். முதல் தடவைக்கே 5 ஆண்டு வரை. ரயில்வே ஏலத்தில் எடுத்திருந்தால் ஏலச் சீட்டு இருக்கும். நம்மிடம் என்ன இருக்கிறது?

சாந்தி அத்தை: நைனா என்ன, திருடிக்கொண்டு வந்தாரா? பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் துண்டைக்கூட வீட்டுக்குக் கொண்டுவர மாட்டார்.

ரத்தினம் பெரியப்பா: நான் அப்படிச் சொன்னேனா சாந்தி?

கார்த்தி: (போட்டோ) இதைப் பாருங்கள். ஒரு அடி நீளம், 13 கிலோ. ஓரத்தில் ஓட்டை, அதில் ஒரு சங்கிலிக் கண்ணி துருவோடு சிக்கியிருக்கிறது. ஒரே ஒரு இடம் மட்டும் குழிந்து, தேய்ந்து, எட்டணா அளவுக்குப் பளபளவென்று இருக்கிறது.

சாந்தி அத்தை: ஐயோ, அது மணி!

ரத்தினம் பெரியப்பா: ஆமாம். லத்தேரிப் பக்கம் நைனா ஹெட்மாஸ்டராக இருந்த பள்ளிக்கூடத்து மணி. வேப்பமரத்தில் தொங்கும். ஓய்வு பெறுகிற வருஷம் மின்சார மணி வைத்தார்கள். இது மழையில் கிடக்கிறதே என்று சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்தார். நானே பிடித்து இறக்கினேன், எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை.

குமார் சித்தப்பா: அப்படியென்றால் ரயில்வேயிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு, பள்ளிக்கூடத்திலிருந்து நமக்கு. 364 ரூபாய் இரும்புக்கு மூன்று சொந்தக்காரர்கள். பேசாமல் பாலாற்றில் போட்டுவிடலாம்.

ரத்தினம் பெரியப்பா: ஆற்றில் போடுவது அதைவிட மோசம், எதையோ மறைத்த மாதிரி. கடையில் போடக் கூடாது, அவ்வளவுதான். பள்ளிக்கே கொண்டுபோய்க் கொடு. இன்னார் இந்த வருஷம் எடுத்து வந்தார், இப்போது திருப்பித் தருகிறோம் என்று ஒரு கடிதம், இரண்டு பிரதி. ஒன்றில் பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்து வாங்கிக்கொள்.

கார்த்தி: யார் பேரில் எழுதுவது?

ரத்தினம் பெரியப்பா: என் பேரில் எழுது. மூத்தவன் நான்தான்.

குமார் சித்தப்பா: வண்டியில் பின்னால் நான் பிடித்துக்கொள்கிறேன். காலையில் எட்டு மணிக்குக் கிளம்பலாம், பிரேயருக்கு முன்னால் போய்விட வேண்டும்.

மாலை 6.20

கார்த்தி: பணம் வந்துவிட்டது. ரசீது போட்டோவும் போட்டிருக்கிறேன். ஆர்.சி. புத்தகத்தை மட்டும் இன்னும் காணோம். டூப்ளிகேட் எடுக்க வேண்டுமென்றால் போலீஸ் புகார், ஆர்.டி.ஓ. என்று இரண்டு வாரம் ஆகும்போல.

சாந்தி அத்தை: அது என் பீரோவில்தான் இருக்கிறது. காலையிலிருந்து சொல்ல வருகிறேன், யாராவது விட்டால்தானே.