காப்புப் படிக்கட்டு: ஒரு பரிந்துரை

நண்பர்களே, தீப்பிடித்தால் தப்பிக்கும் ‘ஃபயர் எக்ஸிட்’டுக்கும் அதன் படிக்கட்டுக்கும் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்று இங்கே பேசிக்கொண்டிருக்கிறோம். என் பங்குக்கு இது.

சிங்கப்பூர்த் துவாஸில் நான் வேலை பார்க்கும் பட்டறையில் யாரோ ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள்: ‘தீ வெளியேறும் வழி’. காலையில் வேலை தொடங்குமுன் பாதுகாப்பு பற்றிப் பேசும் டூல்பாக்ஸ் மீட்டிங்கில் புதுக்கோட்டைத் தம்பி ஒருவர் அதைப் படித்துவிட்டு, “அண்ணே, தீ இந்த வழியாப் போனா நாங்க எந்த வழியாப் போறது?” என்று கேட்டார். எல்லாரும் சிரித்தோம். ஃபயர் எக்ஸிட்டைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததில் ஆளைக் காணோம், தீ மட்டும் தப்பித்துவிட்டது.

இங்கே வந்த சொற்களைப் பார்த்தேன். ‘தப்பு வழி’ வேண்டாம். புகைக்குள் அதைப் படிப்பவர் வந்த வழியே திரும்பி ஓடிவிடுவார். பிழைக்கும் வழி என்று பொருள்படும் ‘உய்வழி’ அழகு, எனக்கும் ஆசைதான். ஆனால் இரவு ஷிஃப்டில் இருப்பவருக்கு உரையாசிரியர் தேவைப்படுவார். ‘திட்டிவாசல்’ சொன்ன ஐயா கோபிக்கக் கூடாது. அது பெரிய கோட்டைக் கதவில் ஓராள் குனிந்து நுழைய வைத்த சின்ன வாசல். நமக்குக் கூட்டமாக இறங்க வேண்டும்.

கதவுக்கு மேலுள்ள பலகைக்கு, ஊர்ப் பேருந்தில் எல்லாரும் பார்த்துப் பழகிய ‘அவசர வழி’யே போதும். பச்சைப் பலகையில் ஓடுகிற ஆள் மீதியைச் சொல்லிவிடுவார்.

என் கவலை கதவுக்குப் பின்னால் இருப்பதைப் பற்றி. எக்ஸிட் ஸ்டேர்கேஸ் வெறும் படி இல்லை. சுற்றிலும் தீ தாங்கும் சுவர், தானாக மூடிக்கொள்ளும் கதவு. புகை உள்ளே வராதவரை அந்தக் கூண்டுக்குள் கால் வைத்தாலே பாதி பிழைத்த மாதிரி. எங்கள் பட்டறையில் அந்தக் கதவுக்கு அடியில் மர ஆப்பு ஒன்று செருகியிருக்கும், காற்று வரட்டும் என்று. மிதிபட்டு மிதிபட்டு அதன் முனை வழுவழுத்துவிட்டது. தரையில் வில் மாதிரி ஒரு கீறல். நான் எடுத்து எறிவேன், மறுநாள் வேறொன்று முளைக்கும். ‘வெளியேறும் படிக்கட்டு’ என்று எழுதி வைத்தால் கதவு திறந்து கிடப்பதுதானே வசதி என்று யாருக்கும் தோன்றும். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

அதனால்தான் ‘காப்புப் படிக்கட்டு’ என்கிறேன். திறந்து கிடந்தால் காப்பு ஏது? படிக்கட்டு என்பதையும் விடக் கூடாது. 1972 நவம்பரில் ராஃபிள்ஸ் பிளேஸில் ராபின்சன்ஸ் கடை எரிந்தபோது இறந்த 9 பேரில் மின்தூக்கிக்குள் சிக்கியவர்களும் உண்டு.

காப்பு என்றால் கை வளையல் ஆகாதா என்று யாராவது கேட்பீர்கள். தீயணைக்க வருபவர்களைக் குடிமைத் தற்காப்புப் படை என்று இந்த ஊரில் தினமும் செய்தியில் கேட்கிறோம், யாருக்கும் வளையல் ஞாபகம் வரவில்லையே.

கதவுக்குத்தான் இன்னும் சொல் அமையவில்லை. ‘தீத்தடுப்புக் கதவு’ வரை வந்திருக்கிறேன், பலகைக்குக் கொஞ்சம் நீளம். சுருக்கி ‘தீக்கதவு’ என்றால் அந்தத் தம்பி மறுபடியும் கை தூக்குவார்.