துர்துக்: குளிர் பாலைவனத்தில் இரண்டு போகம் எப்படிச் சாத்தியமாகிறது?

நன்செய் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். லடாக்கின் நுப்ரா பகுதியில், ஷியோக் ஆற்றங்கரையில், இந்திய-பாகிஸ்தான் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டுக்கு மிக அருகில் துர்துக் என்ற சிற்றூர் இருக்கிறது. வரும் ஜூலையில் குடும்பத்துடன் அங்கே சென்று சில நாள்கள் தங்க விரும்புகிறோம். விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன் என்பதால் அந்த ஊரின் வயல்களைப் பற்றித்தான் முதலில் தேடிப் படித்தேன். லே நகரத்தில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையே சுமார் 100 மில்லிமீட்டர்தான். அங்கே ஒரு போகம் எடுப்பதே பெரும்பாடு. துர்துக்கிலோ பார்லியை அறுத்த அதே நிலத்தில் பக்வீட் (தானியம்போல மாவாக்கி உண்ணும் பயிர்) விதைத்து, அதே ஆண்டில் அதையும் அறுவடை செய்கிறார்கள் என்கிறார்கள். குளிர் மிகுந்த அந்தப் பள்ளத்தாக்கில் இது எப்படி முடிகிறது? ஆற்று நீரை வயலுக்கு ஏற்றுகிறார்களா? நேரில் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மலைப்பாதை (பதில்):

வணக்கம் ஐயா. முதல் காரணம் உயரம். லே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. துர்துக் ஏறக்குறைய 3,000 மீட்டரில் இருக்கிறது. இந்த 500 மீட்டர் தாழ்வினால் வசந்தம் முன்னதாகவே வந்துவிடுகிறது, உறைபனி சற்றுத் தாமதமாகத் தொடங்குகிறது. அத்துடன், காரகோரம் மலையின் பாறைச் சுவர்கள் இருபுறமும் நெருங்கி நிற்பதால், பகலில் அவை வாங்கிய வெயிலின் சூடு மாலைக்குப் பிறகும் வயல்களின்மேல் தங்குகிறது. நான் அங்கிருந்த கோடை இரவுகளில், வீட்டுக் கற்சுவரில் கை வைத்தபோதெல்லாம் அந்தச் சூட்டை உணர முடிந்தது.

ஆற்று நீரை அவர்கள் வயலுக்கு ஏற்றுவதில்லை. ஷியோக் மிகத் தாழ்வாக ஓடுகிறது. கோடையில் வண்டல் கலந்து சாம்பல் நிறத்தில் பெருக்கெடுக்கும் அதை அடக்கிப் பாசனம் செய்வது எளிதன்று. ஊரை ஊடறுத்துக்கொண்டு ஷியோக்கில் போய்ச் சேரும் பனியாற்று ஓடை ஒன்று இருக்கிறது. அதன் ஒரு கரையில் யூல், மறு கரையில் ஃபரோல் என்று ஊர் இரண்டு பகுதிகளாகப் பிரிந்து நிற்கிறது. அந்த ஓடையிலிருந்து கல் அடுக்கிய வாய்க்கால்கள் பிரிந்து, வீடுகளுக்கு நடுவே ஓடி, படிப்படியாக அமைந்த வயல்களில் பாய்கின்றன. தண்ணீரை முறை வைத்துத்தான் பாய்ச்சுகிறார்கள்.

உங்கள் கேள்விக்கான முக்கிய விடை, இரண்டு பயிர்களின் காலக்கணக்கில் இருக்கிறது என்பது என் கருத்து. பார்லியை வசந்தத்தில் விதைக்கும்போது மேலேயுள்ள பனி இன்னும் சரியாக உருகத் தொடங்கியிருக்காது. ஆகவே முதல் போகத்துக்குத் தண்ணீர்தான் தட்டுப்பாடு. ஜூலையில் பார்லியை அறுக்கும் நேரத்தில் ஓடை நிரம்பி ஓடும். அப்போது தட்டுப்பாடாக இருப்பவை நாள்கள். இலையுதிர்காலத்தின் முதல் உறைபனி விழுவதற்குள் அடுத்த பயிர் முற்றிவிட வேண்டும். ஏறக்குறைய மூன்று மாதங்களுக்குள் விளைந்துவிடும் பக்வீட் அந்த இடைவெளியில் பொருந்துகிறது. அதனால்தான் பார்லி அறுத்த கையோடு உழுது விதைக்கிறார்கள். ஒரு வாரத் தாமதம்கூட விளைச்சலைப் பாதிக்கும். நீங்கள் ஜூலையில் சென்றால் ஒரு வயலில் கதிரறுப்பையும் பக்கத்து வயலில் விதைப்பையும் ஒரே நாளில் காணக்கூடும்.

நன்செய்:

மிகத் தெளிவான விளக்கம், மிக்க நன்றி. இன்னொரு ஐயம்: ஆண்டுக்கு இரண்டு முறை பயிரிட்டால் அந்த மணல் கலந்த மலைமண் சத்து இழந்துவிடாதா? விளைந்ததைக் கோடையில் எங்கே சேமிக்கிறார்கள்?

ஓடைக்கரை (பதில்):

மண்ணைக் காப்பாற்றுவது எருதான். ஆடு மாடுகளின் சாணத்தோடு, லடாக்கின் மரபுவழி உலர் கழிப்பறைகளில் மண்ணும் சாம்பலும் கலந்து மக்கிய எருவையும் வயலுக்கு இடுகிறார்கள். தண்ணீர் ஊற்றும் கழிப்பறையைத் தங்கும் விடுதிகளில் விருந்தினர்கள் கேட்கக் கேட்க, இந்தச் சுழற்சி அறுந்துபோகிறது என்பதை நாம் கவனத்தில் கொள்ள வேண்டும். உலர் கழிப்பறை உள்ள வீட்டில் தங்க முடிந்தால் தயங்காமல் தங்குங்கள்.

சேமிப்புக்குக் கல்லால் கட்டிய சிறு அறைகள் இருக்கின்றன. பால்டி மொழியில் நங்சுங் என்பார்கள். கற்களின் இடுக்குகள் வழியாகக் குளிர்ந்த காற்று உள்ளே புகுந்துகொண்டே இருப்பதால், வெளியே வெயில் கொளுத்தும்போதும் வெண்ணெய், மோர், இறைச்சி ஆகியவை கெடாமல் இருக்கின்றன. மின்சாரம் தேவையில்லை.

கரைமேடு (பதில்):

வயலைப் பற்றிப் பேசும்போது அதை உழுபவர்களைப் பற்றியும் சொல்வது பொருத்தமாக இருக்கும். துர்துக் மக்கள் பால்டி இனத்தவர். திபெத்திய மொழிக்குடும்பத்தைச் சேர்ந்த பால்டி மொழியைப் பேசுபவர்கள். பெரும்பாலோர் நூர்பக்ஷி என்ற சூஃபி மரபைப் பின்பற்றும் முஸ்லிம்கள். 1971 டிசம்பர் வரை இந்த ஊர் பாகிஸ்தானின் கட்டுப்பாட்டில் இருந்தது. அப்போது நடந்த இந்திய-பாகிஸ்தான் போரில் மேஜர் செவாங் ரிஞ்சென் தலைமையிலான இந்தியப் படை சலுங்கா, துர்துக், தியாக்ஷி, தாங் ஆகிய ஊர்களைக் கைப்பற்றியது. வேலைக்காகவோ படிப்புக்காகவோ அப்போது பாகிஸ்தான் கட்டுப்பாட்டிலுள்ள ஸ்கர்து நகரப் பக்கம் போயிருந்தவர்கள் அங்கேயே நின்றுவிட நேர்ந்தது. கணவனும் மனைவியும், பெற்றோரும் பிள்ளைகளும் கட்டுப்பாட்டுக் கோட்டின் இருபுறமும் பிரிந்தார்கள். ஷியோக் மட்டும் அதே வழியில் அந்தப் பக்கம் ஓடிச் சிந்து நதியில் கலக்கிறது. வெளியூர்ப் பயணிகளுக்கு ஊர் திறக்கப்பட்டது 2010இல்தான். ஆகவே முதியவர்களிடம் உறவினர்களைப் பற்றி நீங்களாகத் துருவிக் கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் பொறுமையாகக் கேளுங்கள். பெண்கள் வயலில் வேலை செய்யும்போது அனுமதியின்றிப் படம் எடுப்பதை அவர்கள் விரும்புவதில்லை.

மலைப்பாதை:

பயணம் குறித்துச் சுருக்கமாக: இந்தியக் குடிமக்களும் நுப்ராவுக்கு இன்னர் லைன் பர்மிட் (எல்லைப் பகுதி நுழைவு அனுமதி) பெற வேண்டும் என்ற விதி 2021இல் தளர்த்தப்பட்டது. வழியில் 5,359 மீட்டர் உயரமுள்ள கர்துங் லா கணவாயைக் கடக்க வேண்டியிருப்பதால், குழந்தைகள் உடன் வந்தால் லேயில் குறைந்தது இரண்டு நாள்களாவது தங்கி உடலைப் பழக்கிக்கொள்ளுங்கள். பிறகு நுப்ராவிலுள்ள திஸ்கித், ஹுந்தர் ஆகிய ஊர்கள் வழியாகச் செல்லலாம்.

ஜூலை ஆப்ரிகாட் பழுக்கும் காலம் என்பதும் உங்களுக்கு நல்வாய்ப்பு. பழம் மரத்திலிருந்து இறங்கியவுடன் கனிந்துவிடுவதால் வெகுதூரம் எடுத்துவர முடியாது. அங்கேயே வயிறார உண்ணுங்கள். வீடுகளின் மொட்டை மாடியில் உலர்த்திய பழத்தையும், கொட்டைப் பருப்பிலிருந்து எடுக்கும் எண்ணெயையும் வீட்டுக்காரர்களிடமே வாங்கினால் பணம் முழுவதும் அவர்களுக்கே போய்ச் சேரும். காலை உணவுக்குப் பக்வீட் மாவில் தோசைபோலச் சுடும் கிசிர் கிடைக்குமா என்று முந்தைய நாள் மாலையிலேயே கேட்டுவையுங்கள். மாவைக் கரைத்து வைக்க அவர்களுக்கு நேரம் வேண்டும்.