யூ வில் நெவர் வாக் அலோன்: ஃபுட்பால் பாட்டா, சாவுப் பாட்டா?

வியாசை கோச்:
வணக்கம். வியாசர்பாடியில் சாயந்திரம் பசங்களுக்கு ஃபுட்பால் சொல்லிக்கொடுக்கிறேன். பிளஸ் டூ முடித்துக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு சின்ன விழா வைக்கிறோம். இங்கிலாந்தின் லிவர்பூல் ஃபுட்பால் கிளப் ரசிகர்கள் ஸ்கார்ஃபைத் தூக்கிப் பிடித்துப் பாடுவார்களே, அந்தப் பாட்டைப் பழகிக்கொண்டிருந்தோம். சர்ச் கொயரில் பாடும் ஒரு பையனின் அப்பா, "ஒருத்தர் செத்தப்போ பாடுற நாடகப் பாட்டு அது, நல்ல காரியத்துல வேணாம்" என்கிறார். உண்மையா?

புளியந்தோப்பு ரெட்:
லிவர்பூலுக்காகவே எழுதின பாட்டு அண்ணே. தைரியமா பாடுங்க.

மின்ட் ஆர்மோனியம்:
லிவர்பூலுக்காக எழுதியது இல்லை தம்பி. 1945-ல் நியூயார்க்கில் மேடையேறிய கரோசல் என்ற இசை நாடகத்தில் வருவது. இசை ரிச்சர்ட் ராட்ஜர்ஸ், வரிகள் ஆஸ்கர் ஹாமர்ஸ்டீன். 1963-ல் ஜெர்ரி அண்ட் தி பேஸ்மேக்கர்ஸ் என்ற லிவர்பூல் ஊர் இசைக்குழு பாடி ஹிட்டான பிறகுதான் மைதானத்துக்குப் போனது.

கோச் சார், அந்த அப்பா சொன்னதில் பாதி சரி. குடை ராட்டினத்துக்கு ஆள் கூப்பிடும் பில்லி, திருடப் போய் மாட்டி, தன் கத்தியாலேயே குத்திக்கொண்டு சாகிறான். வயிற்றில் பிள்ளையோடு நிற்கும் மனைவி ஜூலியை நெட்டி என்ற பெண் இந்தப் பாட்டைப் பாடித் தேற்றுகிறாள். ஆனால் கடைசிக் காட்சி இருக்கிறதே! அந்தப் பிள்ளை லூயிஸ் வளர்ந்து பள்ளி முடிக்கிற விழாவில் இதே பாட்டு திரும்ப வருகிறது. அப்பன் பெயரைச் சொல்லி ஊர் ஒதுக்கிய பெண் அவள். ஒரே ஒரு நாளுக்குப் பூமிக்கு வந்த பில்லி பக்கத்தில் நின்று தைரியம் சொல்ல, அவளும் கூட்டத்தோடு சேர்ந்து பாடுகிறாள். உங்கள் பசங்களுக்கு இதைவிடப் பொருத்தமான பாட்டு எனக்குத் தெரியாது.

வால்டாக்ஸ் ரோடு ஒற்றைவாடை தியேட்டரில் நாடகம் பார்த்து வளர்ந்த என் அப்பா கற்றுக்கொடுத்தது: யார் பாடுகிறார், யாரிடம், எந்த நேரத்தில் என்று கேட்டுவிட்டுத்தான் ஆர்மோனியத்தைத் தொட வேண்டும். நம் நந்தனார் சரித்திரத்துக்கே இந்தக் கதி. "சற்றே விலகி இரும் பிள்ளாய்" என்றால் நந்தன் நந்தியைக் கெஞ்சுகிறான் என்று எத்தனை பேர் நம்புகிறார்கள்! நந்தனுக்குக் கோபாலகிருஷ்ண பாரதி கொடுத்தது "வழி மறைத்திருக்குதே". கோவிலுக்குள் விடாத சாதியில் பிறந்தவன், திருப்புன்கூர் வாசலுக்கு வெளியே நின்று, நந்தி மறைக்கிறதே என்று முறையிடுகிறான். அதைக் கேட்டுச் சிவன் நந்தியிடம் சொல்வதுதான் "சற்றே விலகி". திருநாளைப்போவார் (நந்தனுக்கு இன்னொரு பெயர்) வந்திருக்கிறார், தள்ளி இரு என்கிறார் சாமி. ஊர் வெளியே நிறுத்திய ஆளுக்குச் சாமி மரியாதை கொடுக்கிற இடம் அது. நந்தனைக் கெஞ்ச வைத்தால் அந்த மரியாதை போய்விடும். எனக்கு அது பொறுக்காது.

வண்ணை லதா:
சவுண்ட் ஆஃப் மியூசிக்ல வர்ற எடெல்வைஸ், ஆஸ்திரியா நாட்டுப்புறப் பாட்டுதானே சார்?

மின்ட் ஆர்மோனியம்:
இல்லம்மா, அதுவும் இதே இருவர் செய்தது. 1959-ல் சவுண்ட் ஆஃப் மியூசிக் மேடை நாடகத்துக்கு. ஹாமர்ஸ்டீன் எழுதிய கடைசிப் பாட்டு. அடுத்த வருஷம் காலமாகிவிட்டார்.

வியாசை கோச்:
ரொம்ப நன்றி சார். கடைசிக் காட்சியைச் சொன்னதும் அந்த அப்பாவே வந்து பழக்கித் தருவதாகச் சொல்லிவிட்டார். முடிவில் மேலே ஏறும் இடம்தான் பசங்களுக்கு எட்டவில்லை. எந்தக் கட்டையில் வைக்கலாம்?

மின்ட் ஆர்மோனியம்:
அந்த மேல் இடத்தை முதலில் பாடச் சொல்லுங்கள். கத்தாமல் எந்த உயரத்தில் நிற்கிறார்களோ, அங்கிருந்து இறங்கி ஆரம்பக் கட்டையைப் பிடியுங்கள்.