தோற்ற குதிரையை எப்போது மன்னிக்கலாம்? பார்த்த ரேஸைச் சொல்லுங்கள்

வடசேரி, நாகர்கோவில்:

நம் மாவட்டத்தில் ரேஸ் கோர்ஸ் கிடையாது. கிண்டிக்குப் போவதென்றால் ஒரு ராத்திரி முழுக்க ரயில். ஊட்டியில் ரேஸ் நடந்த காலத்தில் அது இதைவிடச் சுற்று. அதனாலோ என்னவோ, இங்கே இருக்கிற ரேஸ் ஆட்களில் பாதிப் பேர் பணம் கட்டுவதைவிட ரீப்ளே பார்ப்பதில்தான் பொழுதைப் போக்குகிறோம். அதற்கு வீட்டில் வாங்குகிற ஏச்சு வேறு கதை.

கேள்வி இதுதான். ஒரு குதிரை ஏழாவதாக வந்தது. அடுத்த முறை அதை ஒதுக்கிவிடுவதா, "அன்றைக்கு அதன்மேல் தப்பில்லை" என்று மன்னிப்பதா? எந்தச் சாக்கை நீங்கள் ஏற்கிறீர்கள், எதை ஏற்பதில்லை? டிப்ஸ் யாரும் கேட்கவும் வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம்.

நானே தொடங்குகிறேன். அமெரிக்காவில் 2022 கென்டக்கி டெர்பி. ஜெயித்தது ரிச் ஸ்ட்ரைக், பந்தய விலை ஒன்றுக்கு எண்பது. முந்தின நாள் வேறொரு குதிரை விலகியதால் கடைசி நேரத்தில் இடம் கிடைத்த குதிரை அது. எல்லோரும் அதிசயம் என்றார்கள். நான் நேரத்தைப் பார்த்தேன். முதல் கால் மைல் 21.78 நொடி. டெர்பியில் அவ்வளவு வேகமான தொடக்கம் அதற்கு முன் பதிவானதே இல்லை. அரை மைல் 45.36. ஓட வேண்டிய தூரமோ ஒன்றேகால் மைல், நம் கணக்கில் 2000 மீட்டர். அந்த வேகத்தில் முன்னே போனவை கடைசி வளைவு முடிவதற்குள் காலியாகிவிட்டன. ரிச் ஸ்ட்ரைக் அந்தக் கூத்தில் சேராமல் பின்னால் கிடந்து, உள்பக்க வேலியான ரெயிலை ஒட்டி வழி கிடைத்து வந்தது. பார்க்கிற கண்ணுக்கு அது பறந்து வந்த மாதிரி தெரியும். அதில் பாதிப் பறத்தல் மற்றவை தளர்ந்ததால் வந்த தோற்றம்தான்.

என் நோட்டில் நான் குறித்துக்கொண்டது இரண்டாவது வந்த எப்பிசென்டரை. வேகம் கொளுத்திய ரேஸில் நடுவில் இருந்து, நேர்பாதையில் முன்னிலைக்கும் வந்து, முக்கால் லெங்த்தில் (ஒரு லெங்த் என்றால் ஒரு குதிரையின் நீளம்) தோற்ற குதிரை. அதே ஆண்டு ஆகஸ்டில் டிராவர்ஸ் ஸ்டேக்ஸில் இரண்டும் மறுபடி சந்தித்தன. எப்பிசென்டர் ஐந்து லெங்த்துக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தது. ரிச் ஸ்ட்ரைக் நான்காவது. டெர்பிக்குப் பிறகு அது ஒரு ரேஸ்கூட ஜெயிக்கவில்லை.

மார்த்தாண்டம்:

வடசேரி அண்ணன் சொன்னது பேஸ், அதாவது ரேஸ் ஓடிய வேகம். நான் டிரிப்பைப் பற்றி, அதாவது ஓடுகிற வழியில் குதிரை பட்ட பாட்டைப் பற்றிச் சொல்கிறேன், அதுவும் நேரில் பார்த்ததை.

துபாயில் வேலை பார்த்த காலத்தில் ரூமில் இருந்த நம்ம ஊர்ப் பையன்களோடு மேய்தான் ரேஸ் கோர்ஸுக்குப் போவேன். அங்கே அப்போது பந்தயம் கட்டுவதற்குச் சட்டத்தில் இடமில்லை. இது ஒருவிதத்தில் நல்லதுதான். காசு மாட்டியிருந்தால் கண் நம்முடைய குதிரையை விட்டு நகராது. காசில்லாதபோதுதான் மொத்த ரேஸும் தெரியும்.

2017 துபாய் உலகக் கோப்பை, 2000 மீட்டர். அன்றைக்கு மழை பெய்திருந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த ஆரோகேட்தான் ஃபேவரிட். கேட் திறந்ததும் தடுமாறி, இரண்டு பக்கமும் இடிபட்டு, எல்லாக் குதிரைகளுக்கும் கடைசியில் போய் நின்றது. எங்கள் வரிசையில் "முடிஞ்சு போச்சு மக்களே" என்று ஒரு குரல். மேய்தானில் அப்போது ஓடுதளம் மண். பின்னால் ஓடுகிற குதிரைக்கு முன்னால் போகிறவற்றின் குளம்பு தெறிக்கிற மண் முகத்திலேயே அடிக்கும். பல குதிரைகள் அதிலேயே தலையைத் தூக்கி ஓட்டத்தை விட்டுவிடும். ஜாக்கி மைக் ஸ்மித் அவசரப்படவே இல்லை. எதிர்ப்பக்க நேர்பாதையில் மெல்ல வெளியே எடுத்து, ஒவ்வொன்றாகத் தாண்டி, கடைசியில் கன் ரன்னரை இரண்டேகால் லெங்த்தில் அடித்தது.

தூரமும் இழந்து, மண்ணும் வாங்கி, பிறகும் ஜெயிக்கிற குதிரையை ரிசல்ட்டில் இருக்கிற இரண்டேகால் லெங்த்தை வைத்து அளக்கக்கூடாது என்று அன்றைக்கு நினைத்தேன். ஆனால் இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதே ஆரோகேட் அடுத்து ஜூலையில் டெல் மாரில் ஓடி நான்காவதாக வந்தது. அவ்வளவு பாடுபட்டு ஜெயித்த குதிரை அடுத்த முறை என்ன நிலையில் வருகிறது என்பதை ரீப்ளே சொல்லாது. இதைக் கிண்டிக்குப் பொருத்திப் பார்ப்பதைத் தக்கலை அண்ணாச்சியிடம் விட்டுவிடுகிறேன். அவர் பார்த்த ரேஸில் நான் கால்வாசி பார்த்திருக்க மாட்டேன்.

தக்கலை:

கூப்பிட்டாயிற்று, வந்துவிட்டேன். உத்தியோகம் முழுக்கச் சென்னையில்தான். 1974-இல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் போட்டார்கள். வழக்கு நடந்து நடந்து 1996-இல் சுப்ரீம் கோர்ட், இது வெறும் அதிர்ஷ்ட விளையாட்டு இல்லை, திறமை முதன்மையாக உள்ள விளையாட்டு என்று தீர்ப்பு சொன்னது. அன்றைக்கு ஸ்டாண்டில் எல்லோரும் மார்தட்டினார்கள். அப்படித் தட்டியவர்களில் முக்கால்வாசிப் பேர் டிப்ஸ் சீட்டு வாங்கிக்கொண்டுதான் உள்ளே வருவார்கள். சரி, அதை விடுங்கள்.

நான் ரீப்ளே பார்க்கிற முறையைச் சொல்கிறேன். முதல் தடவை எல்லோரையும் போல. இரண்டாம் தடவை போன் திரையில் முன்னே போகிற இரண்டு குதிரைகளைக் கட்டைவிரலால் மறைத்துக்கொள்வேன். மிச்சம் இருக்கிறதுதான் படம். ஜாக்கியின் கையையும் முதுகையும் பார்க்க வேண்டும். முழங்கை பின்னால் இழுபட்டு, குதிரையின் வாய் திறந்து, தலை மேலே போனால் அது கடிவாளத்தோடு சண்டை போடுகிறது. சக்தி அங்கேயே தீர்கிறது. குனிந்திருந்த ஜாக்கி திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்தால் முன்னே வழி அடைந்துவிட்டது என்று அர்த்தம். அது ஒரு நொடிதான் இருக்கும். ஒரு நொடியில் ஆறேழு லெங்த் போகிற பிராணி அது. அந்த வேகத்தை விட்டுப் பிடிப்பதற்குள் ரேஸ் போய்விடும்.

அப்புறம் வளைவு. இதைப் பலர் உணர்வதில்லை. ஒரு குதிரை ஓட ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரைவட்ட வளைவில் ரெயிலை விட்டு ஒரு குதிரை தள்ளி ஓடினால் கூடுதல் தூரம் 3.14 மீட்டர். வளைவு பெரிதா சிறிதா என்பது கணக்கிலேயே வராது. எவ்வளவு கோணம் திரும்புகிறது என்பது மட்டும்தான். ஒரு லெங்த் என்பது சுமார் 2.4 மீட்டர். மூன்று குதிரைகளுக்கு வெளியே முழு வளைவையும் சுற்றிய குதிரை ஒன்பது மீட்டருக்கு மேல் கூடுதலாக ஓடியிருக்கும். கிட்டத்தட்ட நான்கு லெங்த். அது மூன்று லெங்த்தில் தோற்றிருந்தால் நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். 1000 மீட்டர் ரேஸில் வளைவு குறைவு, இழப்பும் குறைவு. மழை பெய்து உள்பக்கம் மிதிபட்டுக் குழைந்திருந்தால் வெளியே ஓடியதுதான் லாபம். அப்போது இந்தக் கணக்கையே தலைகீழாக்க வேண்டும்.

நம் நாட்டு ரேஸில் இதற்கு ஒரு கூடுதல் பலன் உண்டு. குதிரையின் தரத்துக்குப் போடுகிற எண்தான் ரேட்டிங்; அதில் ஒரு புள்ளிக்கு முதுகில் அரைக் கிலோ. வழி அடைபட்டுப் பின்னால் வந்த குதிரைக்கும் ஹேண்டிகேப்பர் (ரேட்டிங் போடுகிற அதிகாரி) ரேட்டிங்கைக் குறைத்துவிடுவார். பத்துப் புள்ளி இறங்கினால் ஐந்து கிலோ இறங்குகிறது. சில சமயம் கீழ் வகுப்புக்கே போய்விடும். ரேட்டிங் 40-65 வகுப்பில் வளைவு முழுக்க வெளியே சுற்றி எட்டாவது வந்த குதிரை ஒன்றைக் குறித்து வைத்திருந்தேன். அடுத்து அது 20-45-இல் வந்தது. வெறும் ரிசல்ட் பார்த்தவர்களுக்கு அது எட்டாவது வந்த குதிரை. எனக்கு அது மேல் வகுப்பில் முட்டாமல் மோதாமல் நான்கு லெங்த் தானமாகக் கொடுத்த குதிரை. சுலபமாக ஜெயித்தது.

திங்கள்சந்தை:

எல்லாரும் மன்னிக்கிற மனநிலையில் இருக்கிறீர்கள். நான் கொஞ்சம் கடுமை.

ஒரு குதிரை கேட்டில் தாமதம். சரி, மன்னித்தேன். அடுத்த ரேஸிலும் தாமதம். அதற்கடுத்ததிலும் தாமதம். ஒவ்வொரு தடவையும் நண்பர் ஒருவர் "இன்றைக்கும் டிரிப் சரியில்லை, அடுத்த தடவை பாரும்" என்பார். அது டிரிப் இல்லை ஓய், அந்தக் குதிரையின் குணம்! எப்போதும் கடைசியில் கிடக்கிற குதிரைக்கு முன்னே வழி அடைபடத்தான் செய்யும், வெளியே சுற்றத்தான் வேண்டியிருக்கும். அதை ஒவ்வொரு முறையும் கழித்துக் கொடுத்தால் தாளில் அது சாம்பியன். களத்தில் மட்டும் ஐந்தாவது.

நான் ஏற்கவே ஏற்காதது ரத்தம். ரேஸை மேற்பார்க்கிற ஸ்டூவர்ட்ஸ் ரிப்போர்ட்டில் மூக்கில் ரத்தம் வந்ததாக எழுதியிருந்தால் அதைச் சாக்காக எடுக்காமல் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்வேன். ரத்தம் வருவது மூக்கிலிருந்து இல்லை, நுரையீரலிலிருந்து. திரும்ப வருகிற தொல்லை அது. லாடம் கழன்றது, சேணம் நகர்ந்தது என்றால் ஒரு தடவை மன்னிப்பேன்.

இன்னொன்று. இவ்வளவு நுணுக்கமும் பார்த்துக் கிடைக்கிற லாபம் எவ்வளவு? 2023 அக்டோபரிலிருந்து கட்டுகிற முழுத் தொகைக்கும் 28 சதவீத ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22 முதல் அது 40. நான்கு லெங்த் கண்டுபிடித்தாலும் அரசாங்கம் அதற்கு முன்னாலேயே ஐந்து லெங்த் போய்விடுகிறது. நான் கட்டுவதை நிறுத்தி நாளாயிற்று. நோட்டு மட்டும் எழுதுகிறேன். மனைவிக்கு அதிலும் சந்தேகம்தான்.

ஆரல்வாய்மொழி:

காற்றை யாரும் சொல்லவில்லையே. எங்கள் ஊர்க்காரனுக்கு அதுதான் முதலில் தோன்றும். ஆடி மாதக் காற்றில் முப்பந்தல் பக்கம் சைக்கிள் மிதித்தவனுக்குத் தெரியும், லாரிக்குப் பின்னால் ஒட்டிப் போனால் பாதி மிதி மிச்சம். குதிரைக்கும் அதேதான். நேர்பாதையில் எதிர்க்காற்று அடிக்கிற நாளில் முன்னே தனியாகப் போகிற குதிரை காற்று முழுவதையும் நெஞ்சில் வாங்குகிறது. பின்னால் ஒதுங்கி வந்தது கடைசி 200-இல் தாண்டிவிடும். ரிசல்ட் ஷீட்டில் இது இருக்காது. வீடியோவில் கம்பத்துக் கொடி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பாருங்கள். அப்படி முன்னே ஓடித் தோற்ற குதிரையை நான் எப்போதும் மன்னிப்பேன்.

குளச்சல்:

நான் புதிது. ஒரு சந்தேகம் கேட்கலாமா? வடசேரி அண்ணன் சொல்வதைப் பார்த்தால் பின்னாலிருந்து வந்து ஜெயிக்கிற குதிரை எல்லாமே மற்றவற்றின் தளர்ச்சியில் பிழைத்ததா? உண்மையிலேயே வேகம் கூட்டுகிற குதிரை இல்லையா? இன்னொன்று, கால் மைல் நேரமெல்லாம் வெளிநாட்டு ரேஸில் கிடைக்கிறது. இங்கே ரீப்ளேயை வைத்து நாமே எடுக்க முடியுமா? பேப்பரில் டிராக் வொர்க் (பயிற்சி ஓட்டம்) என்று "600/38" போடுகிறார்களே, அதை வைத்துக் கணிக்கலாமா?

வடசேரி, நாகர்கோவில்:

இருக்கிறது தம்பி. 1973 டெர்பியில் செக்ரட்டேரியட் ஓடியதை எடுத்துக்கொள். ஐந்து கால் மைல்கள்: 25.2, 24, 23.8, 23.4, 23 நொடி. ஒவ்வொன்றும் முந்தினதைவிட வேகம். கூட்டினால் 1 நிமிடம் 59.4 நொடி. அங்கே யாரும் தளர்ந்து அதைத் தூக்கிவிடவில்லை. குதிரையின் சொந்த நேரம் குறைந்துகொண்டே போனால் அது வேகம் கூட்டுகிறது. அதன் நேரம் அப்படியே இருந்து முன்னே போனவற்றின் நேரம் ஏறினால், மற்றவை நிற்கின்றன. இரண்டுக்கும் வித்தியாசம் கடிகாரத்தில் மட்டும்தான் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. மற்றதை அண்ணாச்சி சொல்வார்.

தக்கலை:

டிராக் வொர்க் முதலில். 600/38 என்றால் 600 மீட்டரை 38 நொடியில் ஓடியது. ஆனால் யார் ஏறினார், எத்தனை கிலோ, ஜாக்கி கையை விட்டாரா பிடித்தாரா என்பது தெரியாமல் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. பக்கத்தில் "ஈஸி" என்று போட்டிருந்தால் கொஞ்சம் பார்ப்பேன். குதிரை உயிரோடு நலமாக இருக்கிறது என்பதற்கு அது போதும். ரேஸைக் கணிக்கப் போதாது.

நேரம் நீயே எடுக்கலாம். போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொள். 200 மீட்டருக்கு ஒரு கம்பம் இருக்கும். முன்னே போகிற குதிரையின் மூக்கு கம்பத்தைத் தொடுகிற நேரத்தை எழுது. உன் குதிரை அப்போது எத்தனை லெங்த் பின்னால் என்று எண்ணி, ஆறரை லெங்த்துக்கு ஒரு நொடி என்று கூட்டு. முதல் 600-க்கு ஒரு நேரம், கடைசி 600-க்கு ஒரு நேரம், அவ்வளவு போதும். 1200 மீட்டர் ரேஸில் பழகு. ஒரே ரேஸை மூன்று தடவை எடுத்து நடு எண்ணை வைத்துக்கொள், விரல் கொஞ்சம் முன்பின் இருக்கும். கேமரா மாறுகிற இடத்தில் கோணம் சாய்ந்து லெங்த் எண்ணிக்கை பொய் சொல்லும். அந்தக் கம்பத்தை விட்டுவிட்டு அடுத்ததில் எடு. உன் நோட்டை இங்கே போடு, எல்லோருமாகச் சரிபார்க்கலாம்.