மிளகாய்க்கு ஓரடி போதுமாம்!

கரிசல்காட்டான்: "மிளகாய்ச் செடிக்குச் செடி ஓரடி விட்டால் போதும், மகசூல் இரட்டிப்பு" என்று நேற்று இங்கே ஒரு மேதை எழுதியிருக்கிறார். திருமங்கலம் பக்கம் சொன்னால் சிரிப்பார்கள். வரிசைக்கு இரண்டடி, செடிக்கு ஒன்றரை அடி. வேளாண் பல்கலைக்கழகமும் ரகங்களுக்கு 60-க்கு 45 சென்டிமீட்டர்தான் சொல்கிறது. வீரிய ஒட்டு (ஹைப்ரிட்) என்றால் 75-க்கு 60.

வைகைக்கரை: அந்த மேதை நான்தான் அண்ணே, பெயரைச் சொல்லியே திட்டலாம். உங்கள் ஒன்றரை அடியில் ஏக்கருக்கு 14,500 செடி. ஓரடியில் 21,700. செடிக்கு நாலு காய் குறைந்தாலும் மொத்தம் கூடாதா?

கரிசல்காட்டான்: 14,500-க்கு இரட்டிப்பு 21,700-ஆ? நல்ல கணக்கு! நெருக்கினால் செடி வெளிச்சம் தேடி ஒல்லியாக மேலே போகும், பக்கக்கிளை விடாது. கிளைக் கவட்டில்தானே பூவே வரும்? ஐப்பசி மழையில் காற்றுப் புகாமல் இலை ஈரம் காயாது, பழ அழுகல் வரும். ஒன்றரை அடி!

மேலூரான்: பச்சைக்கா, வற்றலுக்கா? எந்த ரகம்? அதைச் சொல்லிவிட்டு அளங்களேன்.

வைகைக்கரை: 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய ராமநாதபுரம் முண்டு மிளகாய் என்ன, ஒன்றரை அடி அளந்தா நிற்கிறது?

கரிசல்காட்டான்: அது மானாவாரி, விதையைத் தூவுகிறார்கள். நாற்று நடுவதைப் பேசினால் அங்கே ஓடுகிறீர்கள். போன வருடம் தக்காளிக்குக் குச்சி கட்ட வேண்டாம் என்றவரும் நீங்கள்தானே?

வைகைக்கரை: தக்காளியை ஏன் இழுக்கிறீர்கள்? அன்றைக்கு விவாதத்தைப் பாதியில் விட்டு ஓடியது யார்?

பேரையூர்ப் பச்சை: ஓரடியில் நட்டால் காய் பறிக்கிற அக்காமார் எங்கே கால் வைப்பார்கள்? கிளைதான் முறியும்.

வைகைக்கரை: நடுவது ஓரடி செடிக்குச் செடி. வரிசைக்கு இரண்டடி அப்படியே இருக்கிறதே! படித்துவிட்டுப் பேசுங்கள் தம்பி.

கரிசல்காட்டான்: அவரை ஏன் மிரட்டுகிறீர்கள்? உங்களுக்குப் பெரியாற்றுக் கால்வாய்த் தண்ணீர் பாய்கிற கொழுப்பு, எதை எப்படி நட்டாலும் பச்சையாகத்தான் தெரியும். காய் எங்கே?

வைகைக்கரை: மதுரை பரவை மார்க்கெட்டுக்கு வந்து என் மூட்டையைத் தூக்கிப் பாருங்கள்.

கரிசல்காட்டான்: மூட்டையில் பாதி காம்புதான் இருக்கும். ஒன்றரை அடி!

மேலூரான்: ரகம் என்னவென்று கேட்டேன்.

பேரையூர்ப் பச்சை: அப்படியே தென்னைக்கு 25 அடி சரியா என்றும் சொல்லுங்கள்.

கரிசல்காட்டான்: அதை வைகைக்கரையிடம் மட்டும் கேட்காதீர்கள். பன்னிரண்டு போதும் என்பார்.