வீட்டில் நொதிக்கவைத்த இஞ்சிபியர்: திருகோணமலையிலிருந்து சில அனுபவங்கள்

உப்புவெளியிலிருந்து:

கடைகளில் விற்கும் யானை மார்க் இஞ்சிபியர் என்னும் மென்பானத்தைக் குடித்துப் பழகிய நாக்கு மூன்று விடயங்களை எதிர்பார்க்கிறது: விழுங்கிய பின்பு தொண்டையில் எழும் காரம், தாராளமான இனிப்பு, மூக்கைச் சீண்டும் வாயு. இவற்றை ஒரே போத்தலுக்குள் வீட்டிலேயே கொண்டுவர முயன்றவர்கள் இங்கு பலர் இருக்கக்கூடும் என்பதால், என் முறையையும் அதிலுள்ள முட்டுக்கட்டையையும் எழுதுகிறேன்.

காரம் எளிதாகவே வசப்பட்டது. பச்சை இஞ்சியில் காரம் தருவது ஜிஞ்சரோல் என்னும் பொருள். சமைக்கும்போது அது மென்மையான சிஞ்சரோனாகவும், காய்ந்து சுக்காகும்போது முன்னையதைவிடக் காரமான ஷோகாவோலாகவும் மாறுகிறது. ஆகவே நான்கு லீற்றருக்கு 200 கிராம் இஞ்சி எடுத்து, பாதியை இடித்துக் கொதிக்கவைத்து, மறுபாதியைத் துருவிப் பிழிந்த சாறாக ஆறிய பின்பு சேர்க்கிறேன். கொதிக்கும் பாதியோடு ஒரு துண்டு சுக்கும் போகிறது. பெரிதாக, வழவழப்பாக இருக்கும் இறக்குமதி இஞ்சியைவிட, நார் மிகுந்த சிறிய உள்ளூர் இஞ்சியே தொண்டையில் நிற்கிறது. பிழிந்த சாற்றை அரை மணித்தியாலம் அசையாமல் வைத்தால் அடியில் வெள்ளை மா படியும்; அதை விட்டுவிட்டு மேற்சாற்றை மட்டும் எடுத்தால் பானம் கூழாகாது.

முட்டுக்கட்டை இனிப்பிலும் வாயுவிலும்தான் இருக்கிறது. தொழிற்சாலையில் சீனிப்பாகைக் கலந்து, காபனீரொட்சைட்டை அழுத்தத்தோடு உட்செலுத்தி மூடிவிடுகிறார்கள். அந்தப் போத்தலுக்குள் உயிருள்ள எதுவும் இல்லாததால் இனிப்பு இனிப்பாகவும் வாயு வாயுவாகவும் மாதக்கணக்கில் இருக்கின்றன. வீட்டில் நமக்கு வாயுவைத் தருவது ஈஸ்ட். அது சீனியைத் தின்றுதான் வாயுவைத் தருகிறது, தின்பதை எப்போது நிறுத்துவது என்று அதற்குத் தெரியாது.

கணக்கைப் பார்த்தால் விடயம் விளங்கும். ஒரு லீற்றர் பானத்தில் ஒரு லீற்றர் வாயு கரைந்திருப்பதை ஒரு பங்கு என்று கொண்டால், ஏறத்தாழ 4 கிராம் சீனி நொதித்து ஒரு பங்கு வாயுவைத் தரும். நல்ல சுறுசுறுப்புக்கு மூன்று பங்கு போதும், அதாவது லீற்றருக்கு 12 கிராம். ஆனால் நாக்குக்கு இனிக்க வேண்டுமென்றால் லீற்றருக்கு 80 கிராமாவது போட வேண்டியிருக்கிறது. அந்த 80 கிராமும் நொதித்தால் 20 பங்கு வாயு உண்டாகும். எந்தப் போத்தலும் அதைத் தாங்காது. அற்ககோலும் 5 சதவீதத்தை நெருங்கும். 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கும் நாட்டில், அனுமதிப்பத்திரமில்லாத வீட்டில் அது நடக்கவும் கூடாது.

எனவே இடையில் நிறுத்த வேண்டும். வெறும் சோடாப் பிளாஸ்ரிக் போத்தல்களில்தான் நிரப்புகிறேன். கண்ணாடியை இதற்குத் தொடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அழுத்தினால் குழியாத அளவுக்குப் போத்தல் இறுகியதும் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறேன். கச்சான் காற்று வீசும் மாதங்களில், சமையலறை 32 பாகையைத் தொடும்போது, காலையில் நிரப்பியது மறுநாட் காலைக்குள் கல்லாக இறுகிவிடும். வாடைக் காற்றும் மழையும் உள்ள மார்கழியில் இன்னும் ஒரு நாள் காத்திருக்க வேண்டும். சுவை நன்றாகவே வருகிறது. ஆனால் யானை மார்க்கின் அருகில் வைத்துக் குடித்துப் பார்த்தால், நம்முடையதில் பாண் வாசம் ஒன்று பின்னால் நிற்கிறது. அதைப் போக்க வழி தெரிந்தவர்கள் சொல்லவேண்டும்.

சாம்பல்தீவிலிருந்து:

அண்ணா, உங்கள் முறையையேதான் என் மாமியும் செய்வார். சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டி போடுவது மட்டும் வேறுபாடு. பனங்கட்டி போட்டால் நிறமும் மணமும் மாறி அது வேறொரு பானமாகிவிடுகிறது. எனக்கு அதுவே பிடிக்கும் என்றாலும், யானை மார்க்கைப் போல வேண்டும் என்பவர்களுக்கு அது உதவாது.

நான் சொல்ல வந்தது குளிர்சாதனப் பெட்டியைப் பற்றி. குளிர் ஈஸ்ட்டைக் கொல்வதில்லை, உறங்கவைக்கிறது, அவ்வளவுதான். 2022ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில் மின்வெட்டு ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டபோது, பெட்டிக்குள் இருந்த போத்தல்கள் எல்லாம் விழித்துக்கொண்டு மீண்டும் இறுகத் தொடங்கின. மாமியும் நானும் மின்சாரம் போகும் ஒவ்வொரு முறையும் மூடிகளை மெல்லத் தளர்த்தி வாயுவை வெளியேற்றினோம். அப்படிச் செய்யச் செய்ய இனிப்புக் குறைந்து, புளிப்பு மிஞ்சி, கடைசியில் எஞ்சியதைக் கோழிக்கறிக்கு ஊறவைக்கத்தான் பயன்படுத்தினோம். கறி மிக நன்றாக இருந்தது என்பதையும் சொல்லவேண்டும்; இஞ்சியில் இறைச்சியை மென்மையாக்கும் நொதியம் இருக்கிறது அல்லவா?

பாண் வாசம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதில் ஒரு பகுதி தண்ணீராலும் வரலாம். எங்கள் பக்கம் கடலுக்கு அண்மையில் உள்ள கிணறுகளில் உவர்ப்பு இருப்பதால் இஞ்சிபியருக்குக் கிணற்றுநீர் சரிவராது. குழாய்நீரில் குளோரின் இருக்கிறது. இஞ்சியோடும் ஈஸ்ட்டோடும் சேர்ந்து அது மருந்துப் பெட்டியைத் திறந்ததுபோன்ற ஒரு வாசத்தைத் தரும். முதல்நாள் இரவே நீரை நன்றாகக் கொதிக்கவைத்து, அகன்ற பாத்திரத்தில் திறந்து ஆறவிட்டால் அது போய்விடும்.

மெல்பேர்ணிலிருந்து:

பிறந்தது உவர்மலையில் என்பதால் இந்தப் பேச்சில் நானும் கலந்துகொள்கிறேன். இங்கே சொந்தத் தேவைக்கு வீட்டில் பியர் வடிப்பதற்குத் தடையில்லை. காய்ச்சி வடிப்பதற்குத்தான் தடை. எனக்கு மிகவும் பிடித்தது அடிலெயிட்டில் 1862இல் தொடங்கப்பட்ட கூப்பர்ஸ் நிறுவனத்தின் வெளிர் ஏல் பியர். அது 4.5 சதவீதம். கலங்கலாக இருக்கும், ஏனென்றால் போத்தலுக்குள்ளேயே ஈஸ்ட் உயிரோடு படிந்திருக்கிறது. இங்குள்ளவர்கள் குடிப்பதற்கு முன் போத்தலைப் படுக்கவைத்து உருட்டி அந்த மண்டியைக் கலக்குவார்கள். வீட்டில் வடிப்பவர்கள் அதே மண்டியை ஐதான மோல்ற் (முளைகட்டி உலர்த்திய தானியம்) சாற்றில் ஊற்றி ஈஸ்ட்டை வளர்த்தெடுப்பார்கள். நானும் அப்படித்தான் செய்கிறேன்: வெளிர் மோல்ற், கொஞ்சம் கோதுமை மோல்ற், கசப்புக்கு பிரைட் ஒஃப் ரிங்வுட் என்னும் ஆஸ்திரேலிய ஹொப்ஸ் பூ, அந்தப் போத்தலிலிருந்து எடுத்த ஈஸ்ட்.

இதை இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு. அந்தப் பியரும் உங்கள் இஞ்சிபியரைப் போல உயிருள்ளதுதான், ஆனாலும் வெடிப்பதில்லை. பியர் வடிக்கும்போது மோல்ற்றை 66, 67 பாகை நீரில் ஊறவைத்தால், மாப்பொருளின் ஒரு பகுதி ஈஸ்ட்டால் தின்ன முடியாத டெக்ஸ்ட்ரின்களாக நின்றுவிடுகிறது. பியருக்குத் திண்மை தருவது அதுதான். மற்றச் சீனியை ஈஸ்ட் முழுவதும் தின்று முடிக்கும்வரை காத்திருக்கிறோம். திரவத்தின் அடர்த்தியை நீரோடு ஒப்பிட்டு அளக்கும் நீர்மமானியில் அது 1.010 அளவில் நாட்கணக்கில் அசையாமல் நின்றால்தான் முடிந்தது என்று பொருள். அதன்பின் லீற்றருக்கு 6 அல்லது 7 கிராம் சீனியை மட்டும் அளந்து போட்டு மூடுகிறோம். தின்பதற்கு அதற்குமேல் ஒன்றும் இல்லை என்பதால் அறை வெப்பத்தில் எவ்வளவு காலம் இருந்தாலும் வாயு அந்த அளவோடு நிற்கும்.

உங்கள் சிக்கல், ஈஸ்ட் தின்னக்கூடிய பொருளையே இனிப்புக்கும் நம்பியிருப்பது. ஈஸ்ட்டால் தின்ன முடியாத லக்டோசைப் போட்டுப் பார்க்கலாம். பாலில் உள்ள சீனி அது. இன்னொரு வழி, மூடிய போத்தல்களைச் சுடுநீரில் வைத்து ஈஸ்ட்டைக் கொல்வது. இதைச் சிலர் செய்கிறார்கள், நான் யாருக்கும் பரிந்துரைக்கமாட்டேன்: அழுத்தத்தில் உள்ள போத்தலைச் சூடாக்குவது விபத்தை அழைப்பதாகும்.

பாண் வாசத்துக்கு வேறு ஈஸ்ட்தான் வழி. பியர் வடிக்கும் ஈஸ்ட் கெட்டியாக அடியில் படியும், பாண் ஈஸ்ட் மிதந்துகொண்டே இருக்கும். ஆனால் பெரும்பாலான ஏல் ஈஸ்ட்டுகளுக்கு 18 முதல் 22 பாகை வரைதான் உகந்தது. திருகோணமலை வெயிலில் அவை தேவையற்ற பழவாசங்களைக் கிளப்பும். நோர்வேயின் பண்ணை வீடுகளில் பேணப்பட்டு வந்த குவைக் என்னும் ஈஸ்ட் வகை 35 பாகையிலும் சுத்தமாக வேலை செய்கிறது. ஆடித் திருவிழாவுக்கு ஊருக்கு வரும் உறவினரிடம் ஒரு பொட்டலம் கொடுத்துவிடுகிறேன், அண்ணா.

உப்புவெளியிலிருந்து:

பொட்டலம் கிடைத்தது, தம்பி. நன்றி. பெரியகடைப் பக்கம் நான் விசாரித்த கடைகளில் லக்டோசு இல்லை. கிடைத்திருந்தாலும் நான் விட்டிருப்பேன்: சாதாரண சீனியின் இனிப்பில் ஐந்தில் ஒரு பங்குகூட அதற்கு இல்லாததால் குவியலாகக் கொட்டவேண்டும், பால் ஒத்துவராத வயிறு உள்ளவர்கள் என் வீட்டிலேயே இருக்கிறார்கள். செயற்கை இனிப்பூட்டிகளின் கடைவாய்க் கசப்பும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஆனால் “தின்பதற்கு அதற்குமேல் ஒன்றும் இல்லை” என்று நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு முறையையே மாற்றிவிட்டேன். இப்போது போத்தலுக்குள் இஞ்சிநீரும், லீற்றருக்கு 12 கிராம் சீனியும், ஒரு சிட்டிகை குவைக்கும் மட்டுமே போகின்றன. மீதிச் சீனியைத் தேசிக்காய்ச் சாற்றோடும் கொதித்த இஞ்சியோடும் பாகாகக் காய்ச்சித் தனியே வைத்திருக்கிறேன். போத்தலில் உள்ளது முழுவதும் நொதித்தாலும் வாயு மூன்று பங்கைத் தாண்டாது, அற்ககோல் 0.7 சதவீத அளவில் நின்றுவிடும். சாம்பல்தீவுத் தங்கை கவனிக்கவும்: மின்சாரம் போனாலும் மூடியைத் தளர்த்த வேண்டியதில்லை. தேசிக்காயைப் பாகுக்கு மாற்றியதில் இன்னொரு நன்மையும் உண்டு. போத்தலுக்குள் புளிப்புக் குறைவாக இருப்பதால் ஈஸ்ட் தடையின்றி வேலையை முடிக்கிறது. முடிந்ததும் இரண்டு நாள் குளிரில் வைத்தால் மண்டி அடியில் ஒட்டிக்கொள்கிறது, பாண் வாசமும் காணோம்.

சுவையில் யானை மார்க்குக்கு எவ்வளவு அருகில் வந்திருக்கிறது என்று கேட்டால், காரத்தில் நம்முடையது ஒரு படி மேல் என்பேன். வாயுவில் சமம். நுரை மட்டும் அவர்களுடையதைப்போல நிற்கவில்லை.

சாம்பல்தீவிலிருந்து:

அப்படியானால் விருந்தினருக்குக் கொடுக்கும்போது பாகை முதலில் ஊற்றுவதா, பின்பு ஊற்றுவதா, அண்ணா? பின்பு ஊற்றினால் பொங்கிவிடுமே?

உப்புவெளியிலிருந்து:

பாகுதான் முதலில். ஒரு குவளைக்கு ஒன்றரை மேசைக்கரண்டி போதும். இரண்டையும் நன்றாகக் குளிரவைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் குளிர்ந்த நீரில்தான் வாயு தங்கும். குவளையைச் சரித்துப் பிடித்து, போத்தலில் உள்ளதை விளிம்பு வழியாக மெதுவாக இறக்குங்கள். கரண்டியால் கலக்கினால் வாயு பறந்துவிடும், ஊற்றும் வேகமே கலக்கப் போதும். அடியில் உள்ள கடைசி இரண்டு விரலளவை ஊற்றாமல் விட்டுவிடுங்கள். மாமிக்குப் பனங்கட்டிதான் வேண்டுமென்றால், பாகைப் பனங்கட்டியில் காய்ச்சிக் கொடுங்கள். போத்தலில் எதையும் மாற்றத் தேவையில்லை.